காசிமாயனுக்குத் துணை

சார், தப்பா நெனைக்காதீங்க, அந்தச் சிகரெட்ட இப்ப பத்த வைக்க வேணாம். இல்ல சார், இது ஒண்ணும் ஏசி வண்டி இல்ல, எனக்கும் தெரியும். ரயில்வே கேட்டப் போட்டுட்டான், இந்தப் பக்கம் ஒரு கூட்ஸு வரணும், அந்தப் பக்கம் ஒரு பாசஞ்சர் வரணும், ரெண்டும் போற வரைக்கும் மனுசன் என்னதான் செய்வான். நான் மீசை மொளைக்கிறதுக்கு முன்னாடியே பீடி குடிச்சவன் சார். எனக்கு ஒண்ணும் இல்ல, நீங்க என் மூஞ்சிக்கு நேரா ஊதுங்க, இந்தச் சோலைமலை கல்லு மாதிரி உக்காந்திருப்பான். பிரச்சின நான் இல்ல. பின்னாடி நிக்கிற வண்டி. உங்க வீட்டம்மாவும் பிள்ளைகளும் ஏறி வர்ற ஆட்டோ இருக்குல்ல, அத ஓட்டுறவன் பேரு காசிமாயன். காத்து அந்தப் பக்கமா அடிக்கிது. அவன் மூக்குல வாசன ஏறுச்சுன்னா நான் இத்தன மாசம் பட்ட பாடெல்லாம் வீணாப் போயிரும்.

ஆமா, அவனேதான். பீடிய விட்டவன். விட்டவன்னா, அவனா எங்க விட்டான், நான் விட வச்சேன்.

கேக்குறீங்களா? கேளுங்க. கல்யாண மண்டபம் எங்கயும் ஓடிப் போகாது. மாப்பிள்ளையே இந்தக் கேட்டுலதான் மாட்டியிருப்பான்.

மொதல்ல என் கால்ல ஒரு புண்ணு வந்துச்சு. வலது காலு, கட்டைவெரலு. அதுக்கும் இந்தக் கதைக்கும் பெருசா சம்பந்தம் இல்ல, இருந்தாலும் எங்க ஆரம்பிச்சுச்சுன்னு சொல்லணும்ல. செருப்பு கடிச்ச மாதிரிதான் இருந்துச்சு, ஆறல, வெரலு கறுத்துக்கிட்டே வந்துச்சு. நாலு எட்டு நடந்தா கெண்டக்காலு இழுத்துப் பிடிக்கும். என் பொண்டாட்டி பேச்சியம்மா அழுது பிடிச்சு மதுரைக்குப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா. அங்க ரத்தக் கொழாய்க்குன்னே தனியா ஒரு டாக்டரு. சின்ன வயசு, மீசைகூட ஒழுங்கா வரல. காலத் தொட்டாரு, அங்க அமுக்குனாரு, இங்க அமுக்குனாரு, பாதத்துல நாடியே இல்லைன்னாரு. பீடி குடிப்பீங்களான்னாரு. ஏதோ குடிப்பேன்னேன்.

"பீடியாலதான் ரத்தக் கொழாய் அடைச்சிருக்கு. இன்னையோட விட்டா வெரலக் காப்பாத்தப் பாக்கலாம். கொறைச்சுக்கிறேன், ஒண்ணே ஒண்ணுன்னு ஆரம்பிச்சீங்கன்னா மொதல்ல வெரலு, அப்புறம் பாதம், அப்புறம் முட்டிக்குக் கீழ"ன்னாரு. கறிக்கடைக்காரன் எந்தப் பக்கம் வேணும்னு கேக்குற மாதிரி வரிசையாச் சொல்றாரு சார்.

நான் விடுவேனா? "டாக்டரு, எங்கப்பா சாகுற அன்னைக்கு வரைக்கும் பீடி குடிச்சாரு, ரெண்டு காலோடதான் போயிச் சேந்தாரு"ன்னேன். என்ன வயசுல போனாருன்னு கேட்டாரு. நாப்பத்தொம்பதுன்னேன். அந்தாளு சீட்ட எழுதிக் கையில குடுத்துட்டாரு. படிச்சவங்களுக்கு நம்ம கேள்விக்குப் பதில் சொல்ல வராது, பாவம்.

ஆட்டோவுக்கு பிரேக்கு வலது கால்ல சார். வலது கால எடுத்துட்டா வண்டிய வித்துட்டு வீட்டுல உக்காரணும்னு பேச்சி பஸ்ல வர்ற வழி பூரா அழுதா. பஸ்சே எங்களத்தான் பாத்துச்சு. அவ அழுகையத் தாங்குறதுக்கே எனக்கு ஒரு பீடி வேண்டியிருந்துச்சு. பஸ் ஸ்டாண்டுல எறங்குனதும் குடிச்சேன். அவ பாத்துக்கிட்டே நின்னா.

அடுத்த நாளு ஸ்டாண்டுல கூட்டம். எங்க ஸ்டாண்டுல வரிசைப்படிதான் சவாரி. முன்னாடி நிக்கிற வண்டிக்குத்தான் மொத சவாரி, போயிட்டு வந்தா வால்ல போயி நிக்கணும். பெத்த தகப்பனா இருந்தாலும் அந்த வரிசையில நடுவுல நொழைய முடியாது. தலைவரு காஜா பாய். நல்ல மனுசன், சத்தமே வராது, ஆனா மனசுக்குள்ள என்ன ஓடுதுன்னு அவரப் படைச்சவனுக்குத்தான் தெரியும். அவரு எந்திருச்சு நின்னு, "இன்னையில இருந்து நம்ம ஸ்டாண்டுல யாரும் பீடி, சிகரெட்டு குடிக்கக் கூடாது. ரெண்டு ரெண்டு பேரா ஜோடி. ஒருத்தனுக்கு ஒருத்தன் துணை. ஜோடியில ஒருத்தன் குடிச்சாலும் ரெண்டு பேரு வண்டியும் வாலுக்குப் போயிரணும்"னாரு.

எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு, பேச்சி ஏதும் போயி இவருகிட்ட ஒப்பாரி வச்சிருப்பாளோன்னு. கேட்டேன். பாய் வீட்டுக்குப் போனது உண்மைதான், ஆனா நோம்புக்கஞ்சித் தூக்குவாளியத் திருப்பிக் குடுக்கத்தான் போனேன்னா. நோம்பு முடிஞ்சு அப்ப ரொம்ப நாளாகியிருந்துச்சு. அவ எப்பவுமே பாத்திரத்த லேட்டாத்தான் திருப்பிக் குடுப்பா.

கூட்டம் கலைஞ்சதும் பாய் என்னையத் தனியாக் கூப்பிட்டாரு. "சோலை, இந்தக் காசிமாயன் பய ரொம்ப மோசமா மாட்டிக்கிட்டான். அவனால தனியா விட முடியாது. நீ கூட இருந்தாத்தான் பொழைப்பான். நீயும் குடிக்காம இருந்து காட்டுனாத்தான் அவனுக்கும் தெம்பு வரும்"னாரு.

மனசு எளகிப் போச்சு சார். என் காலுக்காகன்னு அந்த டாக்டரு சொன்னப்ப எனக்கு ஒண்ணும் ஆகல. ஒரு சின்னப் பய சீரழியிறான்னதும் தாங்கல. சரின்னுட்டேன். மடியில கெடந்த பீடிக் கட்ட எடுத்து பாய் கையில குடுத்துட்டேன். நம்ம மனசு அப்படி, அதான் நம்ம கெட்ட நேரம்.

காசிமாயன் உசிலம்பட்டிப் பக்கத்து ஆளு. ஸ்டாண்டுக்கு வந்து அப்ப ஒரு வருசம்கூட ஆகல. வாயத் தொறந்து ரெண்டு வார்த்த சேத்துப் பேச மாட்டான். அவன் பீடி குடிச்சு நான் ஒருநாளும் பாத்ததில்ல. அதுதான் சார் இருக்குறதுலயே மோசம். என்னைய மாதிரி ஊரறியக் குடிக்கிறவனத் திருத்திரலாம். ஒளிஞ்சு குடிக்கிறவன என்ன செய்ய? மேல ஒரு வாசன கூட வராமக் குடிச்சிருக்கான்னா எவ்வளவு தேர்ந்த ஆளா இருக்கணும்.

மொத நாளு விடியக்காலையில வாசல்ல வந்து நிக்கிறான். கையில ரெண்டு கொய்யாப்பழம். எதுக்குடான்னேன். "காலையிலதாண்ணே கஷ்டமா இருக்குமாம்"னான். பாருங்க, அவனுக்குக் காலையில கஷ்டம்னா என்கிட்ட ஓடி வர்றான். எனக்கும் காலையில ஒரு சின்ன சங்கடம் இருந்துச்சு, உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன, பீடி இல்லாம எனக்கு வெளிக்கு வராது. கக்கூசுக்குள்ள நான் போராடிக்கிட்டு இருக்கேன், இவன் வெளிய நின்னுக்கிட்டு "அண்ணே, ஆச்சா? அண்ணே, ஆச்சா?"ங்குறான். தெருவே கேக்குது. இந்த மாதிரி ஒரு ஆள எந்தப் பாவத்துக்கு என் தலையில கட்டுனாய்ங்கன்னு தெரியல.

ஸ்டாண்டுக்குப் போனா அங்கயும் நெழலு மாதிரி. நான் டீக்கடைக்குப் போனா வர்றான், ஒண்ணுக்குப் போனா வர்றான். சட்டைப் பை நெறைய வறுத்த கடலை வச்சிருப்பான். அவனுக்கு பீடி ஆசை வர்றப்பெல்லாம் ஒரு கைப்பிடி எடுத்து என் கையில கொட்டுவான். தனியாத் திங்கக் கூச்சம்போல. சரியா எனக்கு ஆசை வர்ற நேரத்துலதான் அவனுக்கும் வரும், அது வேற விசயம்.

"ஒனக்கு எப்படிடா இருக்கு?"ன்னு ஒருநாள் கேட்டேன். ரொம்ப நேரம் யோசிச்சான். "பசிக்கிற மாதிரி இருக்குண்ணே"ன்னான். "மண்டைக்குள்ள எப்படி இருக்கு?"ன்னேன். "மண்டையிலயும் பசிக்கிதுண்ணே"ன்னான். எனக்கு மண்டைக்குள்ள மாவு மில்லு ஓடுது சார். வாயெல்லாம் புளிக்கிது. ராத்திரி தூக்கம் இல்ல, பகல்ல கண்ணு சொருகுது, கைய எங்க வைக்கிறதுன்னு தெரியாம அது பாட்டுக்குப் பையத் தடவுது. நெஞ்சுல இருந்து சளி சளியாக் கெளம்புது. இவனுக்குப் பசிக்கிதாம். தனக்கு என்ன செய்யுதுன்னு சொல்லக்கூடத் தெரியாத அளவுக்குக் கொழம்பிப் போயிக் கெடந்தான் பாவம்.

எனக்குக் கொஞ்சம் கோவம் வந்துச்சு, இல்லைங்கல. வண்டியில ஏறுன ஒரு அம்மா, "தம்பி, கொஞ்சம் மெதுவாப் போப்பா"ன்னுச்சு. "மெதுவாப் போகணும்னா எறங்கி நடங்க, அத விட மெதுவா எதுவும் இல்ல"ன்னுட்டேன். காசிமாயன் ஓடி வந்து கையெடுத்துக் கும்பிட்டு அந்தம்மாவ அவன் வண்டியில ஏத்திக்கிட்டான். வீட்டுல கொழம்புல உப்பு இல்லைன்னு தட்டத் தள்ளி விட்டேன். பேச்சி அந்தத் தட்ட எடுத்துட்டா. வேற தட்டு வச்சா. வழக்கமா பதிலுக்குப் பதில் பேசுறவ, என்ன நோக்காடோ, அந்த வாரம் பூரா ஊமையாத் திரிஞ்சா.

மத்த ஜோடியெல்லாம் சும்மா பேருக்கு. ட்ரான்ஸ்பார்மருக்குப் பின்னாடி போயிட்டு ஏலக்காய மென்னுக்கிட்டு வருவாய்ங்க. என்னையக் கண்டா மூச்ச அடக்கிக்கிட்டு அந்தப் பக்கமா நடப்பாய்ங்க. பாய்கிட்டப் போயிச் சொன்னேன். "அவய்ங்க கெடக்காய்ங்க, நீ ஒன் ஜோடியப் பாரு"ன்னாரு. தலைவரு பேசுற பேச்சா சார் இது? சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான? மொத்த ஸ்டாண்டுலயும் ஒழுங்கா இருந்தது நாங்க ரெண்டே பேருதான்.

அதுலயும் என் மேலதான் கண்ணு. மூக்கையா கடையில ஒரு பீடி கேட்டேன், எனக்கில்ல, கடைக்காரன் எப்படி நடந்துக்கிறான்னு சோதிச்சுப் பாக்க. "சரக்கு இல்லண்ணே"ங்குறான். அவன் தலைக்குப் பின்னாடி கட்டுக்கட்டா அடுக்கியிருக்கு. அடுத்த கடைக்காரன் என்னையப் பாத்ததும் உள்ள போயிட்டான். பைபாஸ் வரைக்கும் வண்டிய விரட்டுனேன், ஜென்மத்துல போகாத கடை. அங்க டீ குடிச்சுக்கிட்டு இருந்த எவனோ ஒரு ஆட்டோக்காரன் என் வண்டி நம்பரப் பாத்துட்டு, "சோலைமலை அண்ணனா? கடக்காரரே, இவருக்கு பீடி குடுத்துறாதீங்க"ங்குறான். எனக்கு மயக்கமே வந்துருச்சு. காசிமாயன் ஒருத்தன் கெட்டுறக் கூடாதுன்னு ஊரே என்னையக் காவல் காக்குது. நான் கெட்டா அவன் கெட்டான், அவ்வளவு பெரிய பொறுப்பு.

நாலாம் நாளோ அஞ்சாம் நாளோ, சவாரி எறக்கி விட்டுட்டுத் திரும்புறேன், பின் சீட்டுல ஒரு கட்டு பீடியும் தீப்பெட்டியும் கெடக்கு. எவனோ மறந்துட்டுப் போயிட்டான். நல்ல வெயிலு. நான் நேரா கண்மாய்க்கரைக்கு வண்டிய விட்டேன், தண்ணியில தூக்கிப் போட்டுறலாம்னு. குப்பைத் தொட்டியில போட்டா வேற எவனாவது எடுத்துக் குடிப்பான்ல. போடுறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ண மட்டும் பாத்துட்டுப் போடலாம்னு உருவுனேன். பாக்குறதுன்னா, சரி, பத்த வச்சுப் பாக்குறதுதான்.

பின்னாடி ஒரு ஆட்டோ கரையில ஏறி வந்து நிக்கிது. காசிமாயன். மோப்பம் பிடிச்சு வந்துட்டான் சார். பீடின்னதும் எங்கிருந்தாலும் தெரிஞ்சிருது அந்தப் பயலுக்கு.

"அண்ணே, குடுங்கண்ணே"ன்னான்.

"போடா அங்குட்டு"ன்னேன். ரொம்பக் கெட்ட வார்த்தையும் ஒண்ணு சொன்னேன், அத விடுங்க.

"நீங்க குடிச்சா நானும் குடிப்பேண்ணே. நம்ம ஜோடி"ன்னான். சொல்லிக்கிட்டே கட்டுல இருந்து ஒண்ண உருவி வாயில வச்சுட்டான். தீப்பெட்டியையும் எடுத்துக்கிட்டான். சார், பீடியத் தலைகீழா வச்சிருக்கான். நூலு கட்டுன பக்கத்த வாயில வைக்கணும், அகலமான பக்கத்துல நெருப்பு வைக்கணும், பச்சப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். இவன் அகலத்த வாயில வச்சுக்கிட்டு நூல்ல நெருப்ப வைக்கிறான். நாலு நாளு இல்லாமப் போனதுல எந்தப் பக்கம்னே மறந்துருச்சு அவனுக்கு. அவ்வளவு வெறி.

ஒரே இழுப்புதான். கண்ணு ரெண்டும் பிதுங்கிருச்சு. இருமுறான், இருமல் நிக்கல. மூச்சு விசிலு மாதிரி அடிக்கிது. கரையில குத்தவச்சு வாந்தி எடுக்குறான், தின்ன கடலை பூரா வெளிய வருது. ஒதடு நீலம் பூத்துருச்சு. பதறிட்டேன் சார். அவன் கையில இருந்ததப் பிடுங்கி, என் கையில இருந்ததையும் கட்டையும் தீப்பெட்டியையும் மொத்தமாக் கண்மாயில எறிஞ்சேன். முதுகத் தடவிக்கிட்டே திட்டுறேன், "ஏண்டா கூறுகெட்டவனே, ஒரு பீடிக்காக உசுர விடுவியாடா?"ன்னு. அழுதுட்டேன் சார், சொல்றதுக்கு என்ன.

அவன் மூச்சு வாங்கிக்கிட்டே என்னைய நிமிந்து பாத்தான். "நீங்க பத்த வச்சீங்களாண்ணே?"ன்னான்.

"இல்லடா"ன்னேன்.

"அப்பச் சரிண்ணே"ன்னான்.

பையில இருந்து நீலக் கலருல கொழா மாதிரி ஒண்ண எடுத்து வாயில வச்சான், ஒரு அமுக்கு அமுக்கி உள்ள இழுத்தான். ரெண்டு தடவ இழுத்தான். மூச்சு சீராச்சு. பாருங்க, பீடி இல்லைன்னதும் எதையாவது வாயில வச்சு இழுக்கணும் அவனுக்கு. பழக்க தோசம். அன்னைக்கு நான் மட்டும் அங்க இல்லேன்னா அந்தக் கட்ட முடிச்சிருப்பான்.

நேரா ஸ்டாண்டுக்குப் போயி பாய்கிட்ட "நான் குடிச்சுட்டேன் பாய், அண்ணன் குடிக்கல"ன்னு ஒத்துக்கிட்டான். பாய் அவனையும் பாத்தாரு, என்னையும் பாத்தாரு, தொண்டையச் செருமிக்கிட்டு அவன் வண்டிய மட்டும் வாலுக்குப் போகச் சொன்னாரு. அன்னைக்குப் பூரா சவாரி வர்றப்பெல்லாம் திரும்பத் திரும்ப வால்ல போயி நின்னான். நான் போயி அவன் வண்டிக்குப் பின்னாடி என் வண்டியக் கொண்டுபோயி நிப்பாட்டுனேன். ஜோடின்னா ஜோடிதான? எனக்கு அதுக்கப்புறம் கண்மாய்ப் பக்கம் போக மனசு வரல. பீடிய நெனைச்சா அவன் ஒதடு நீலமான மூஞ்சிதான் வருது.

அவன் வீட்டுல ஒரு வார்த்த சொல்லி வைக்கலாம்னு போனேன். அவன் பொண்டாட்டி செல்வராணி தங்கமான பிள்ளை. "தாயி, அவன் பீடிய விடப் படாதபாடு படுறான், நீயும் கொஞ்சம் கவனிச்சுக்க"ன்னேன். அந்தப் பிள்ளை முழிக்கிது. "அவரா? பீடியா? பக்கத்து வீட்டுல வெறகடுப்பு பொகைஞ்சாலே அவருக்கு வீசிங் வந்துருமேண்ணே, சின்ன வயசுல இருந்தே உண்டே"ன்னுச்சு. எவ்வளவு பெரிய களவாணின்னு பாருங்க சார், கட்டுன பொண்டாட்டிக்கிட்டயே வீசிங்குன்னு கத கட்டி வச்சிருக்கான். நான் காட்டிக் குடுக்கல. ஆள மாத்திச் சொல்லிட்டேன் தாயின்னு வந்துட்டேன். ஒரு குடும்பம் நம்மளாலக் கெடக் கூடாதுல்ல.

காலா? கால் இருக்கு சார், இந்தா பாருங்க. நகம் மட்டும் கோணலா மொளைச்சிருக்கு. மாசா மாசம் டாக்டருகிட்டப் போறேன், காசிமாயன்தான் கூட்டிட்டுப் போவான். போன தடவ டாக்டரு பாதத்துல வெரல வச்சு ரொம்ப நேரம் பாத்தாரு. "நாடி கொஞ்சம் தெரியிது, காலு சூடா இருக்கு. எப்படி விட்டீங்க?"ன்னாரு. "எனக்கென்ன, நான் நெனைச்ச மாத்திரத்துல விடுவேன். வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கானே, அவன விட வைக்கத்தான் பெரும்பாடு"ன்னேன். டாக்டரு எட்டி அவனப் பாத்தாரு. அவன் நீலக் கொழாய வாயில வச்சு இழுத்துக்கிட்டு இருந்தான். டாக்டரு என்னையப் பாத்து, அடுத்த மாசமும் அவனோடயே வாங்கன்னாரு.

அவனுக்குக் கோயம்புத்தூருல ஸ்கூல் வேன் ஓட்டுற வேலை வந்துச்சு. மச்சினன் ஏற்பாடு, நல்ல வேலை, வீடும் குடுப்பாய்ங்களாம். போகமாட்டேன்னுட்டான். ஏண்டான்னு கேட்டேன். "அங்க தனியா இருந்தா நான் மறுபடியும் பீடி குடிச்சிருவேண்ணே, நீங்க இருக்குற எடத்துலயே இருந்துக்கிறேன்"னான். பாத்தீங்களா, என்னைய விட்டு ஒரு எட்டு நகர முடியல அவனால.

என்ன சார் அப்படிப் பாக்குறீங்க?

வேணாம். சொல்லாதீங்க. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். பாய் ஒருநாளு இதே மாதிரி பாத்துக்கிட்டு, "சோலை, காசிமாயனப் பத்தி ஒண்ணு ஒங்கிட்டச் சொல்லணும்"னாரு. டயருல காத்து கம்மியா இருக்குன்னு எந்திருச்சுப் போயிட்டேன். பேச்சி ஒருநாளு ஆரம்பிச்சா, சாப்புட்ட கையோட வெளிய வந்துட்டேன்.

எனக்காகன்னு சொல்லியிருந்தா நான் விட்டிருக்க மாட்டேன் சார். என்னைய எனக்குத் தெரியும். வெரலு போயிருக்கும், பாதம் போயிருக்கும், ஒத்தக்கால்ல நின்னுக்கிட்டு அடுத்த பீடியப் பத்த வச்சிருப்பேன். இன்னைக்கும் காலையில எந்திரிச்சா கை தேடுது. நான் குடிச்சா அந்தப் பய குடிச்சிருவான், குடிச்சா செத்துருவான்னு ஒரு பயம். அந்த ஒரு பயத்துலதான் என் கை சும்மா கெடக்கு. அது இல்லேன்னு ஆயிட்டா அப்புறம் நான் யாருக்காகச் சும்மா இருப்பேன்? எனக்காகவா?

அதனால அவன் பீடி குடிச்சவன் சார். ரொம்ப மோசமாக் குடிச்சவன், விட முடியாமத் தவிச்சவன். அப்படியே இருக்கட்டும். மண்டபத்துல எறங்குனதும் அவன்கிட்டப் போயி எதையும் கேட்டு வச்சுறாதீங்க, உங்களக் கையெடுத்துக் கும்பிடுறேன். நேருக்கு நேரா யாராவது கேட்டா அவன் உண்மையச் சொல்லிருவான். அந்தப் பயலுக்குப் பொய் சொல்ல வராது.